இ46 எம்3 காரின் பின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எந்த வரிசையில், எங்கே கெட்டுப்போகும்

கேள்வி இதுதான்: 1,40,000 கி.மீ. ஓடிய பி.எம்.டபிள்யூ இ46 எம்3. மேடுபள்ளத்தில் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் ஒரு கணம் தானாகத் திரும்புவதுபோல் இருக்கிறது. பின் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஷாக் அப்சார்பர்களை மாற்றச் சொல்கிறார்கள். அது போதுமா? மாற்றுவதென்றால் மூட்டுகளில் அமரும் ரப்பர் புஷ்ஷுகளுக்குப் பதில், கடினமான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனில் செய்த புஷ் போடலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் சத்தம் நிற்கலாம். பின்பக்கம் அலைவது நிற்காது. இந்தக் காரில் சத்தம் போடும் பாகம் வேறு, காரை அலையவிடும் பாகம் வேறு. 'டக்' என்பது பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டிலிருந்து வருகிறது. அலைவதற்குக் காரணம், சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கையான ட்ரெய்லிங் ஆர்மின் முன்முனையில் இருக்கும் ரப்பர் புஷ். அது முழுக்கக் கிழிந்தாலும் சத்தமே வராது. அதனால்தான் யாரும் அதைத் தேடுவதில்லை. இரண்டையும் ஒரே வேலையாக மாற்றிவிடுங்கள். ரப்பர் புஷ்ஷே போடுங்கள். நல்ல ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், புஷ் இழுக்கும் கருவி மூன்றும் கைவசம் இருந்தால் வீட்டில் ஒரு வார இறுதியில் முடிகிற வேலைதான். ஆனால் எதற்கும் ஆர்டர் போடும் முன் காரின் அடித்தகட்டைப் பார்த்துவிட வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அந்தப் புஷ் ஏன் இவ்வளவு முக்கியம்

ஒவ்வொரு பின் சக்கரமும் மூன்று கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. சப்ஃபிரேமிலிருந்து, அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கி உடலோடு சேரும் சட்டத்திலிருந்து, குறுக்கே வரும் மேல்கை, கீழ்கை. சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீண்டு காரின் உடலைப் பிடிக்கும் ட்ரெய்லிங் ஆர்ம். ஸ்பிரிங் குறுக்கே வரும் கை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் தனியாக ட்ரெய்லிங் ஆர்மில் மாட்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அல்ல என்பதை மனதில் வையுங்கள், கழற்றும்போது இது உதவும்.

மேல்கையும் கீழ்கையும் சக்கரத்தின் சாய்வைப் பார்த்துக்கொள்கின்றன. சக்கரம் நேராக முன்னே பார்க்கிறதா, உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பதை, அதாவது டோவை, தீர்மானிப்பது ட்ரெய்லிங் ஆர்மின் முன்முனை. அந்த முனையை ஒரு பிராக்கெட் பிடித்திருக்கிறது. பிராக்கெட் மூன்று போல்ட்டுகளால் உடலோடு சேர்கிறது. பிராக்கெட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ரப்பர் புஷ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புஷ்ஷிலிருந்து சக்கர மையம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், புஷ் பக்கவாட்டில் 3 மி.மீ. நகர்ந்தாலே சக்கரம் ஏறக்குறைய 20 நிமிடக் கோணம், அதாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, திரும்பிவிடும். தொழிற்சாலையில் வைக்கும் பின் டோ இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே கால் டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஆக, தேய்ந்த புஷ் அந்த அமைப்பை முழுவதுமாக விழுங்கிவிட்டு எதிர்ப்பக்கமும் போகிறது. வளைவில் காலை எடுக்கும்போது ஆர்மின் மேல் விழும் விசை திசை மாறுகிறது, புஷ் மறுபக்கம் சாய்கிறது, சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஓட்டுபவருக்கு பின்பக்கம் ஒரு 'எட்டு' வைத்ததுபோல் தெரிவது இதுதான். 343 குதிரைத்திறன் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும் காரில், ஈரச்சாலையில் இது ஆபத்து. உள்விளிம்பு தேய்வதும் இதே கதைதான்: சாய்வு காரணமாக ஏற்கெனவே உள்விளிம்பில் நிற்கும் டயர், டோ வெளியே போனதும் அந்த விளிம்பை இழுத்துக்கொண்டே ஓடுகிறது.

முதலில் அடித்தகடு

இ46 வரிசையில் நன்கு அறியப்பட்ட பலவீனம்: சப்ஃபிரேம் உடலோடு சேரும் நான்கு இடங்களைச் சுற்றியுள்ள தகட்டில் விரிசல் விழுவது. தகடு மெல்லியது, ஸ்பாட் வெல்டிங்கால் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் டிஃபரன்ஷியலும் (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) சப்ஃபிரேமும் முறுக்கிக்கொண்டு அந்த இடங்களை மாறிமாறி இழுத்துத் தள்ளுகின்றன. சப்ஃபிரேம் புஷ்ஷுகள் தளர்ந்திருந்தால் இழுப்பு அடியாக மாறுகிறது. எம்3-இன் எஸ்54 எஞ்சினுக்கு 365 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பாதிப்பு இதில் சீக்கிரமாகவே வருகிறது.

பார்க்கும் விதம்: நான்கு மவுண்டுகளைச் சுற்றியும் அழுக்கைக் கழுவி, காய்ந்த பிறகு நல்ல டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டாக விழச்செய்து பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் விரிசல் தெரியாது. அடிப்பூச்சின் மேல் தலைமுடி அளவில் ஒரு கோடு, அதன் ஓரத்தில் மெல்லிய துருப்பொடி, ஸ்பாட் வெல்டைச் சுற்றிப் பூச்சு வட்டமாக உரிந்திருப்பது, இவை அடையாளங்கள். சந்தேகம் வந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி வெறும் உலோகத்துக்குப் போய்விடுங்கள். பூச்சு நீண்டுகொடுக்கும், தகடு கொடுக்காது, அதனால் முழுதாக இருக்கும் பூச்சுக்கு அடியில் விரிசல் ஒளிந்திருக்கலாம். வெல்டிங் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் போட்டால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும்.

விரிசல் இருந்தால் இந்தப் பதிலின் மற்றப் பகுதி காத்திருக்கட்டும். சப்ஃபிரேமை இறக்கி, விரிசலின் முனைகளில் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டு செய்து, மேலே வலுவூட்டும் தகடுகளையும் வெல்டு செய்ய வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் இது வீட்டு வேலை இல்லை. எப்படியும் சப்ஃபிரேம் இறங்கப்போகிறது என்பதால் அதன் நான்கு புஷ்ஷுகளையும், டிஃபரன்ஷியல் புஷ்ஷுகளையும், கீழே சொல்லும் எல்லாவற்றையும் அப்போதே மாற்றுவதுதான் சிக்கனம். விரிசல் இல்லையென்றால் தைரியமாக மேலே படியுங்கள்.

எந்தப் பாகம் போயிருக்கிறது என்று உறுதிசெய்வது

ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைத் தூக்கிய காரில் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாரம் இல்லாதபோது கிழிந்த ரப்பரின் இரண்டு உதடுகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பார்ப்பதற்குப் புதிது மாதிரியே இருக்கும். காரை ஏற்றி நிறுத்தும் சாய்தளத்தில், சக்கரங்கள் தரையில் பாரத்தோடு இருக்கும்போது, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு ஒருவர் காரை முன்னும் பின்னும் அசைக்கட்டும். கைப் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, ஆகவே அசைவு முழுவதும் இந்தப் புஷ் வழியாகத்தான் போக வேண்டும். நல்ல புஷ் ஒரு மில்லிமீட்டர் போல அமுங்கித் திரும்பும். போன புஷ்ஷில் ஆர்ம் பிராக்கெட்டுக்குள் நீந்துவது வெறுங்கண்ணுக்கே தெரியும். பிறகு ஆர்முக்கும் பிராக்கெட்டின் பக்கச்சுவருக்கும் நடுவே நெம்புக் கம்பியை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒருபக்க இடைவெளி மூடி மறுபக்க இடைவெளி அகலமாக விரிந்தால், அல்லது பிராக்கெட்டின் உட்சுவரில் ஆர்ம் உரசிப் பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருந்தால், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

ஷாக் மவுண்டுக்கு டிக்கியின் உள்லைனிங்கை விலக்கி, மவுண்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னொருவரை அந்த மூலையை அமுக்கிவிடச் சொல்லுங்கள். ரப்பர் தகட்டிலிருந்து பிரிந்திருந்தால் அந்த 'டக்' உள்ளங்கையில் அடிக்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்த ஈரம் இருந்தால் ஷாக்கும் போய்விட்டது. வெறும் தூசி படிந்த மங்கல் கறை மட்டும் இருந்தால் அது கசிவு இல்லை.

சத்தம் மேடுபள்ளத்தில் இல்லாமல், ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது மட்டும் வந்தால், அது சஸ்பென்ஷனே இல்லாமல் இருக்கலாம்: டிஃபரன்ஷியல் புஷ், அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க ரப்பர் டிஸ்க். சின்னக் கற்கள் நிறைந்த சாலையில் மெல்லிய 'கடகட' என்றால் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டிரோல் பாரின் லிங்க்குகளைப் பாருங்கள். வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது 'கிரீச்' என்றால் ட்ரெய்லிங் ஆர்மில் அழுத்திப் பொருத்தியிருக்கும் உருண்டை மூட்டு, அதாவது பால் ஜாயின்ட்.

டார்ச் கையில் இருக்கும்போதே ஸ்பிரிங்கின் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் பாருங்கள். உப்புத் தூவும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்களில் கடைசிச் சுற்று துருப்பிடித்து முறிவது சகஜம். முறிந்த துண்டு பேடுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும்.

ரப்பரா, பாலியூரித்தேனா

ரப்பர். இதில் தயக்கமே வேண்டாம்.

பாலியூரித்தேன் புஷ் ஓர் இரும்புக் குழலைச் சுற்றிச் சுழலும். ஒரே அச்சில் சுழலும் மூட்டுகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆனால் இங்கே ட்ரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது, மேல்கையும் கீழ்கையும் அதன் பின்முனையைத் தங்கள் வட்டப்பாதையில் உள்ளே வெளியே இழுக்கின்றன. ஆகவே முன்முனையில் உள்ள புஷ் சுழலவும் வேண்டும், சாயவும் வேண்டும், கொஞ்சம் முறுக்கவும் வேண்டும். ரப்பர் மூன்றையும் செய்யும். பாலியூரித்தேன் சாய மறுத்து இறுகிக்கொள்ளும். சஸ்பென்ஷன் அசைவு தடைப்படும், அந்த விசை பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கும் அது மாட்டியிருக்கும் தகட்டுக்கும் போகும், கொஞ்ச நாளில் பாலியூரித்தேனின் விளிம்புகள் நசுங்கி மறுபடி ஆட்டம் வரும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கார் கூர்மையாகத் தெரிவதால் பலரும் நல்ல மாற்றம் என்று நம்பிவிடுகிறார்கள். முழுப் பந்தயக் காருக்கு உலோக உருண்டை பேரிங் சரி. அது எல்லாத் திசையிலும் சாயும். சாலையில் அது சத்தத்தையும் அதிர்வையும் அப்படியே உள்ளே அனுப்பும், மழைச்சேற்றில் சீக்கிரம் தேயும்.

சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் போகிற காருக்குச் சரியான கூட்டணி: புது ரப்பர் புஷ், கூடவே பக்கத்துக்கு ஒன்றாக லிமிட்டர் வளையங்கள். லிமிட்டர் என்பது புஷ்ஷின் இரு பக்கமும், ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உட்காரும் கடினமான பிளாஸ்டிக் வாஷர். சுழல்வதையும் சற்றே சாய்வதையும் அது தடுக்காது; டோவைக் கெடுக்கும் பக்கவாட்டு நகர்வை மட்டும் நிறுத்தும். விலை மலிவு, பலன் பெரிது. புஷ்ஷை மாற்றிவிட்டு லிமிட்டர் போடாமல் மூடுவது, கையில் கிடைத்ததை விட்டுவிடுவதுபோல.

வாங்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து: ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் 2, லிமிட்டர் 4, அந்தப் புஷ்ஷின் நடுப் போல்ட்டும் நட்டும் 2 ஜோடி, பிராக்கெட் போல்ட் 6, ஷாக் மேல் மவுண்ட் 2, அதற்கான காகித கேஸ்கெட் 2, வலுவூட்டும் தகடு 2, மவுண்ட்டின் தானாகப் பூட்டும் நட் 4, ஷாக்கின் கீழ்ப் போல்ட் 2, பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் தடுப்பு) தூசி உறையும் 2 ஜோடி, ஸ்பிரிங்கின் மேல் பேடும் கீழ்ப் பேடும் 4. ஷாக் கசிந்திருந்தால் ஷாக் 2. ஒரு பக்கம் மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். பால் ஜாயின்ட்டில் ஆட்டமோ கிழிந்த உறையோ இருந்தால் அதுவும். புஷ்ஷுக்கு லெம்ஃபோர்டர் போன்ற அசல் தரம் போதும். பிராக்கெட் போல்ட்டுகளைப் புதிதாக வாங்குவது செலவைக் கூட்டும் என்று தோன்றலாம். துருவால் மெலிந்த பழைய போல்ட் காரின் உடலுக்குள் முறிந்தால் ஆகும் செலவை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்

கார் தரையில் நிற்கும்போதே முதல் அளவை எடுங்கள். சக்கர மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, இரு பக்கமும், மில்லிமீட்டரில். இந்த எண்ணை டேப் ஒட்டி ஃபெண்டரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் ரப்பர் புஷ்ஷுகளை இறுக்கும்போது சஸ்பென்ஷனை இதே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். முந்தின இரவே பிராக்கெட் போல்ட்டுகளுக்கும் நடுப் போல்ட்டுக்கும் துரு தளர்த்தும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

காரின் பின்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் தூக்கி, ஓரத்திலுள்ள ஜாக்கி இடங்களுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூடக் காருக்கு அடியில் நீட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, ஏபிஎஸ் ஒயரையும் பிரேக் பைப்பையும் அவற்றின் கிளிப்புகளிலிருந்து விடுவியுங்கள். பிரேக் பைப்பைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்ம் கீழே இறங்கும்போது அதன் உலோகப் பகுதி வளைந்து மடியாமல் ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். இந்தப் பைப்பை மறப்பது எளிது.

இப்போது இரண்டு குறிகள். ஒன்று, பிராக்கெட்டின் விளிம்பைச் சுற்றி உடலின் மேல் கூரான ஊசியால் கோடு. பிராக்கெட்டின் துளைகள் நீள்வட்டமானவை. டோ சரிசெய்வது பிராக்கெட்டைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான். இந்தக் கோடு இருந்தால், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் பட்டறைக்கு ஓட்டிப்போகும் அளவுக்காவது பழைய இடத்தில் வைக்கலாம். இரண்டாவது இன்னும் முக்கியம். கீழ்கையின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, எழுதிவைத்த உயரம் வரும்வரை சஸ்பென்ஷனைத் தூக்குங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் கவனம். எழும்புவதுபோல் தெரிந்தால் டிக்கியில் பாரம் வையுங்கள். அந்த உயரத்தில் பிராக்கெட்டிலிருந்து ஆர்முக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு கீறுங்கள். நடுப் போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட் ஆர்முக்கு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை இந்தக் கோடுதான் சொல்லும்.

இந்தக் கோடு ஏன்? ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்குகிறது. நடுக்குழலைப் போல்ட் பிராக்கெட்டோடு இறுக்கிப் பிடித்துவிடும். கார் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். கார் சும்மா நின்றாலும் அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்களிலேயே கிழியும். 'புது புஷ் போட்டும் நிற்கவில்லை' என்ற புகார்களுக்கு இதுதான் முக்கியக் காரணம். பிராக்கெட் உடலில் ஏறிய பிறகு நடுப் போல்ட்டைச் சரியாக எட்டிப் பிடிப்பது கடினம், ஆகவே கோணத்தை வெளியிலேயே சரிசெய்து இறுக்கிவிட வேண்டியிருக்கிறது.

குறி போட்டதும் ஜாக்கியை இறக்கி, ஆனால் ஆர்மைத் தாங்கியபடி வைத்து, 18 மி.மீ. சாக்கெட்டால் மூன்று பிராக்கெட் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். ஏர் கன் வேண்டாம், குறைந்தபட்சம் முதல் திருகலுக்கு. எதிரே இருக்கும் நட் உடலின் தகட்டுக்குள் பிடித்துவைக்கப்பட்டது. அது பெயர்ந்து உள்ளேயே சுழன்றால் தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையால் கொஞ்சம் திருகி, இறுகினால் திரும்ப உள்ளே போய், எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. பொறுமைதான் இங்கே கருவி. ஆர்மின் முன்முனை இறங்கியதும் அதற்கும் உடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் வேலை செய்ய இடம் கிடைக்கும்.

பிராக்கெட்டைக் கழற்றிய பின், பழைய புஷ்ஷை எடுக்கும் முன், மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரப்பரில் இருக்கும் வெற்று இடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன, புஷ் எந்தப் பக்கத்திலிருந்து நுழைக்கப்பட்டிருக்கிறது, அதன் விளிம்பு ஆர்மிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. வெற்று இடங்களின் திசை மாறினால் முன்பின் அசைவுக்கு இருக்க வேண்டிய மென்மை வேறு திசைக்குப் போய்விடும்.

திருகு கம்பியும் கிண்ணங்களும் கொண்ட புஷ் இழுப்பானால் பழையது வெளியே வரும். கம்பியின் மரைக்கு கிரீஸ் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் புஷ் வருவதற்கு முன் மரை போய்விடும். அசையவே மறுத்தால் ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை இரும்பு ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, உள்ளே மடித்து எடுக்கலாம். ரம்பம் ஆர்மின் உலோகத்தைத் தொடும் முன் நிறுத்துவது அவசியம். துளையின் உட்புறத்தைத் துரு இல்லாமல் தேய்த்துத் துடைத்து, சோப்புத் தண்ணீர் பூசி, புது புஷ்ஷைக் குறித்த திசையில் வைத்து மெதுவாக இழுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். முதல் 5 மி.மீ. தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: புஷ் சாய்ந்து நுழைந்தால் வெளிக்கூடு துளையைச் சீவிக்கொண்டு போகும், பிறகு அது எவ்வளவு இழுத்தாலும் இறுக்கமாக நிற்காது. சாய்வது தெரிந்தவுடனே வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள்.

லிமிட்டர்களை இரு பக்கமும் வைத்து பிராக்கெட்டைப் பொருத்துங்கள். அது கையால் அழுத்தினால் உட்கார வேண்டும். அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் லிமிட்டர் தடிமன் அதிகம். சமமான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக் குறையுங்கள். கீறிய கோட்டுக்கு நேராகப் பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நடுப் போல்ட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிறகு பிராக்கெட்டை உடலின் கோட்டுக்கு நேராக ஏற்றி, மூன்று போல்ட்டுகளையும் கையால் மரை பிடிக்கவைத்து, 77 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் பட்டறைக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு இறுக்குங்கள்.

ஷாக்கும் மேல் மவுண்டும்

இது எளிது. ஸ்பிரிங் தனி என்பதால் ஸ்பிரிங் அழுத்தும் கருவி தேவையில்லை. ஆனால் ஆர்ம் அளவுக்கு மீறிக் கீழே தொங்குவதை ஷாக்தான் தடுக்கிறது. அதைக் கழற்றும் முன் ஆர்மின் அடியில் ஜாக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் ஹோஸும் டிரைவ் ஷாஃப்ட்டும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டிவரும்.

கீழ்ப் போல்ட் 18 மி.மீ.; டிக்கிக்குள் 13 மி.மீ. நட் இரண்டு. ஷாக்கை வெளியே எடுத்து மேல் நட்டைக் கழற்றும்போது பிஸ்டன் தண்டை இடுக்கியால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். தண்டின் நுனியில் ஸ்பேனரோ சாவியோ பிடிக்க இடம் இருக்கிறது. புது மவுண்ட், புது பம்ப் ஸ்டாப், புதுக் கேஸ்கெட். வலுவூட்டும் தகடு டிக்கிக்குள், உடலின் தகட்டுக்கு மேலே, நட்டுகளுக்குக் கீழே உட்காரும். மவுண்ட் இழுக்கும் விசையை இரண்டு சிறு புள்ளிகளிலிருந்து அகலமான பரப்புக்கு மாற்றும். மேல் நட்டுகள் 24 நியூட்டன் மீட்டர் மட்டும். சின்ன நட், சின்ன மரை. பெரிய ரெஞ்சை நம்பி இறுக்கினால் முறியும். கீழ்ப் போல்ட் 100 நியூட்டன் மீட்டர், சஸ்பென்ஷன் அந்த எழுதிவைத்த உயரத்தில் இருக்கும்போது. ஷாக்கின் கீழ்க்கண்ணிலும் ரப்பர்தான்.

ஷாக் கழன்றிருக்கும்போதே ஆன்டிரோல் பார் லிங்க்கையும் விடுவித்து, ஜாக்கியைப் பையப்பைய இறக்கி ஆர்மைக் கீழே அழுத்தினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பேடுகளை மாற்ற இதைவிட நல்ல சமயம் வாராது. ஸ்பிரிங்கின் நுனி பேடில் இருக்கும் தடுப்பில் சரியாக முட்டும்படி வைத்துத் திரும்ப ஏற்றுங்கள். ஒரு விரல் அளவு விலகி உட்கார்ந்தாலும் அந்த மூலை உயரமாக நிற்கும்.

பால் ஜாயின்ட்டுக்கும் அதே இழுப்பான்தான், கிண்ணங்கள் மட்டும் வேறு. தக்கவைக்கும் வளையம் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அழுத்தும்போது விசை வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். நடு உருண்டையை அழுத்தினால் புது ஜாயின்ட் பொருத்தும் முன்பே செத்துவிடும். கைகளின் உள்முனைப் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் அவற்றையும் அந்த உயரத்தில்தான் இறுக்க வேண்டும். கீழ்கையில் உள்ள எக்சென்ட்ரிக் போல்ட்டை (திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும், மையம் விலகிய போல்ட்) தொடும் முன் அதன் தலையில் இருக்கும் கோட்டுக்கு நேராக ஒரு குறி.

அலைன்மெண்ட்

இதைத் தவிர்க்க வழியே கிடையாது. பிராக்கெட் நகர்ந்தாலே டோ நகர்ந்துவிட்டது. பட்டறையை அணுகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, பி.எம்.டபிள்யூ சொல்லும் பாரத்தை வைப்பார்களா: முன் இருக்கைகளில் தலா 68 கிலோ, பின் இருக்கையின் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் நிறைய பெட்ரோல். தொழிற்சாலை எண்கள் இந்த நிலைக்கானவை. காலிக் காரில் அதே எண்களை வைத்தால், ஆட்கள் ஏறியதும் அவை வேறாகிவிடும். இரண்டாவது, பின்பக்கத்தில் எந்த வரிசையில் செய்வார்கள். முதலில் கீழ்கையின் எக்சென்ட்ரிக்கில் சாய்வு, அதன்பிறகு பிராக்கெட்டை நகர்த்தி டோ, கடைசியில் முன் சக்கரங்கள். சாய்வை மாற்றினால் டோ மாறும், ஆகவே தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். டோ வைத்த பிறகு பிராக்கெட்டின் மூன்று போல்ட்டுகளும் மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்கப்பட்டனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

உள்விளிம்பு தேய்ந்த டயர்களை அலைன்மெண்ட்டுக்குப் பிறகு மாற்றுங்கள். பழைய டயர் தேய்ந்த விதத்திலேயே ஓடப் பழகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் கார் இன்னும் லேசாக அலைவதுபோல் தோன்றி, செய்த வேலையின் மேலேயே சந்தேகம் வரும். 500 கி.மீ. கழித்து பிராக்கெட் போல்ட்டுகள், ஷாக்கின் கீழ்ப் போல்ட், மேல் நட்டுகள் ஆகியவற்றில் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். அப்போதும் காலை எடுக்கும்போது பின்பக்கம் நகர்ந்தால், புஷ்ஷைக் குற்றம் சொல்லாதீர்கள். சப்ஃபிரேம் புஷ்ஷுகள் நான்கையும் நெம்புக் கம்பியால் சோதியுங்கள், அடித்தகட்டை டார்ச்சோடு இன்னொரு முறை பாருங்கள்.